ஹாலிபாக்ஸ் பேரேடு

கனடா தேசத்தின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகராக விளங்கும் ஹாலிபாக்ஸுக்குப் பிரயாணம் போகிறவர்கள் பெரும்பாலும் பெகிஸ் கோவ் என்னும் குக்கிராமத்தில் பாறைமீது நிற்கும் வெண்ணிறக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கவோ, நகரத்தின் நடுவே குன்றின்மேல் நட்சத்திர வடிவில் அமைந்த பழைய பிரிட்டிஷ் கோட்டையில் நண்பகல்தோறும் பீரங்கி முழங்குவதைக் கேட்கவோதான் போகிறார்கள். எனக்கு இவ்விரண்டிலும் விருப்பம் இல்லாமல் இல்லை. ஆயினும், மாண்ட்ரியாலில் சாயங்காலம் புறப்பட்டு, இரவெல்லாம் ஓடி, விடிந்தபின் ஷலூர் விரிகுடாவின் ஓரமாகவும் அதன்பின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து அடர்ந்த காடுகளின் ஊடாகவும் சென்று, மறுநாள் பொழுது சாயும் வேளையில் துறைமுகத்தருகே கொண்டு சேர்க்கும் ‘ஓஷன்’ என்ற ரயிலில் நான் அந்நகருக்குப் போனதற்கு முக்கிய காரணம், அங்கே பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் சில எழுத்துக் குறிப்புகளே.

தீப்பிடித்த தெருவிலும், வெள்ளம் புகுந்த ஊரிலும், கப்பல் மூழ்கிய கடலிலும் பத்துப் பேர் வாளியும் கயிறும் படகுமாக ஓடிக்கொண்டிருக்கையில், ஒருவன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதும் காகிதத்தில் எழுதுவதுமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஆத்திரம் வருவது இயல்பு. உயிர் போகிற நேரத்தில் எழுத்து வேலை என்ன வேண்டிக் கிடக்கிறது என்றுதான் எவரும் கேட்பார்கள். ஆனால் எந்த மணிக்கு எந்தச் செய்தி வந்தது, அதை யார் கேட்டார், கேட்டபின் யாருக்குச் சொன்னார், என்ன செய்யப்பட்டது, எது செய்யப்படாமல் விடப்பட்டது என்பவற்றை அவ்வப்போதே எழுதி வைக்காவிட்டால், மறுநாள் அதே பத்துப் பேரும் பத்து விதமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவரும் பொய் சொல்கிறவராக இருக்க மாட்டார். இந்த விஷயத்தில் ஹாலிபாக்ஸ் நகரம் ஐந்து வருஷ இடைவெளியில் இருமுறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது: 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது ஒருமுறை, 1917-இல் அதன் துறைமுகத்திலேயே வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது மற்றொருமுறை.

துறைமுகத்தை ஒட்டிய லோயர் வாட்டர் தெருவில் அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. டைட்டானிக்கின் சாய்வு நாற்காலி ஒன்று அங்கே இருப்பதால், ஜனங்கள் அதைச் சுற்றியே கூட்டமாக நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தப்பி, நியூபவுண்ட்லாந்தின் தென்கிழக்கு முனையிலுள்ள கேப் ரேஸ் என்னும் கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் ராபர்ட் ஹன்ஸ்டன் என்ற தந்தியாளர் வைத்திருந்த குறிப்பை நாடிப் போகிறவர்கள் மிகச் சிலர். 1912-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 10:25 மணிக்கு டைட்டானிக்கின் அபாய அழைப்பு கேட்டதிலிருந்து அந்தக் குறிப்பின் கதை ஆரம்பிக்கிறது. பனிப்பாறையில் மோதியது, கப்பல் இருந்த ஸ்தானம், கார்பேதியா முதலான கப்பல்கள் பதில் சொன்னது, பெண்களைப் படகுகளில் ஏற்றுவது என்று செய்திகள் மணிக்கணக்கோடு வருகின்றன. வர்ஜீனியன் என்ற கப்பலின் காதுக்கு 12:27-க்கு டைட்டானிக்கின் சமிக்ஞை மங்கலாகக் கேட்டு நடுவிலேயே அறுந்துபோயிற்று என்பதும் பதிவாகியிருக்கிறது. எழுதியவர் தம் கலக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. கேப் ரேஸ் எழுதிய 10:25 என்பது நியூயார்க் நேரம். டைட்டானிக்கின் மேல்தளத்துக் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு கடந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கப்பலும் தான் இருக்கும் தீர்க்கரேகைக்கு ஏற்பத் தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டதனால், அன்றிரவு அந்தக் கடலில் எத்தனை கப்பல்கள் மிதந்தனவோ அத்தனை நேரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. டைட்டானிக்கின் லாக் புத்தகம் கப்பலோடு போய்விட்டது. பின்னால் அமெரிக்க செனட் விசாரணை நியூயார்க் நேரத்துக்கும் டைட்டானிக் நேரத்துக்கும் ஒரு வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட, லண்டனில் நடந்த பிரிட்டிஷ் விசாரணை வேறொரு வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டது. எந்தக் கடிகாரத்தின் மணி என்று குறிக்காமல் எழுதப்பட்ட மணி, எழுதாத மணியைவிட அதிகத் தொல்லை தரும் என்பதை இவ்விரு விசாரணைகளின் நடவடிக்கைகளைப் புரட்டுகிறவர்கள் அறிவார்கள்.

எழுதாமல் விட்டதற்கும் அதே இரவில் உதாரணம் இருக்கிறது. பனிக்கட்டிகள் சூழ்ந்ததால் எஞ்சினை நிறுத்தி இரவைக் கழித்துக்கொண்டிருந்த கலிபோர்னியன் என்ற கப்பலின் மேல்தளத்திலிருந்து இரண்டாம் அதிகாரி ஸ்டோனும் பயிற்சி மாலுமி கிப்ஸனும் தொடுவானத்தில் வெண்ணிற ராக்கெட்டுகள் எட்டு எழுந்ததைப் பார்த்தார்கள். கேப்டன் லார்டுக்குச் சொல்லவும் சொன்னார்கள். அந்தக் கப்பலில் காவலிலிருக்கும் அதிகாரி முதலில் ‘ஸ்க்ராப் லாக்’ எனப்பட்ட கச்சாக் குறிப்பில் எழுதுவார். மறுநாள் தலைமை அதிகாரி அதைப் பார்த்துப் பிரதான லாக் புத்தகத்தில் சுத்தமாக எழுதிவிட்டபின் கச்சாத் தாளை எறிந்துவிடுவார்கள். அந்த இரவின் கச்சாத் தாளும் அப்படியே போயிற்று. சுத்தப் பிரதியிலோ ராக்கெட் என்ற பேச்சே இல்லை. மூன்று நாள் கழித்து ஸ்டோனும் கிப்ஸனும் தாங்கள் கண்டதைக் கேப்டனுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கைகள் விசாரணையில் வெளிவராமல் பல வருஷ காலம் அவரிடமே இருந்தன.

கலிபோர்னியன் புறப்பட்டிருந்தால் வேளையோடு போய்ச் சேர்ந்திருக்குமா என்பதில் கடலோடிகளே இன்னும் ஒருமுகப்படவில்லை. பிரிட்டிஷ் விசாரணைக்குத் தலைமை வகித்த மெர்ஸி பிரபு போயிருக்க முடியும் என்றே தீர்ப்பளித்தார்; அவர் முடிவு கடுமையானது என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கடல் அனுபவம் இல்லாத நான் அதில் அபிப்பிராயம் சொல்வது அதிகப்பிரசங்கம். ஆனால் அந்த லாக் புத்தகத்தின் மௌனத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கடல் அனுபவம் தேவையில்லை. எட்டு ராக்கெட்டுகளையும் நேரத்தோடு எழுதி, ‘கேப்டனுக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அது கேப்டன் லார்டுக்கே ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கலாம். குறிப்பு இல்லாத காரணத்தால்தான் அவர் சொன்ன உண்மைகளும்கூட நம்பப்படாமற்போயின.

அருங்காட்சியகத்தை விட்டு மறுநாள் யுனிவர்சிட்டி அவென்யூவில் இருக்கும் நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். நான் இவ்வளவு தூரம் வந்தது அங்கிருக்கும் ஒரு பதிவேட்டின் நிமித்தம். அதன் நகலைத்தான் பார்க்கக் கிடைத்தது என்றாலும், எழுத்தும் வரிசையும் அசலினுடையவையே. டைட்டானிக் மூழ்கிய மூன்றாம் நாள், ஏப்ரல் 17-இல், சமுத்திரத்தடித் தந்திக் கம்பிகளைப் பழுது பார்க்கும் மக்கே-பென்னட் என்ற கப்பல் ஹாலிபாக்ஸிலிருந்து புறப்பட்டது. உயிரோடு இருந்த 700-க்கும் மேற்பட்டவர்களைக் கார்பேதியா ஏற்கெனவே நியூயார்க்குக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தது. மக்கே-பென்னட் போனது பிரேதங்களைத் தேடி. கப்பலில் சவப்பெட்டிகளும், டன் கணக்கில் பனிக்கட்டியும், பிரேதத்தைப் பதப்படுத்துகிற ஒருவரும், ஒரு பாதிரியாரும் இருந்தனர். இவற்றையெல்லாம்விட முக்கியமாக, ஹாலிபாக்ஸில் மரணப் பதிவு அதிகாரியாக இருந்த ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் வகுத்துக் கொடுத்த ஒரு முறையும் இருந்தது.

அந்த முறையைக் கேட்டால், இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். நீரிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு பிரேதத்துக்கும் எடுக்கப்படும் வரிசையில் ஓர் எண். அந்த எண் எழுதிய கித்தான் துண்டு உடலோடு கட்டப்படும். சட்டைப்பையில் இருந்ததும் கழுத்திலும் விரலிலும் கிடந்ததும் எதுவானாலும் ஒரு சிறு கித்தான் பையில் இடப்பட்டு, பையின்மேல் அதே எண் பொறிக்கப்படும். பேரேட்டில் அதே எண்ணின் கீழ் ஆணா பெண்ணா, வயது ஏறத்தாழ எவ்வளவு, தலைமயிரின் நிறம், உடுப்பின் விவரம், பச்சை குத்திய அடையாளம், பையில் உள்ள சாமான்களின் பட்டியல் யாவும் எழுதப்படும். உடலும் பையும் பேரேடும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து எங்கே போனாலும் எண் மாறாது. அவ்வளவுதான். கிராமத்துக் கர்ணம் அடங்கல் எழுதுவதுபோல, ஒரே அச்சில், ஏற்ற இறக்கமில்லாமல், பக்கம் பக்கமாக ஓடுகிறது அந்த எழுத்து.

124-ஆம் எண்ணைப் பாருங்கள். வயது சுமார் ஐம்பது, நீல ஸர்ஜ் துணியில் உடை, சட்டைக் காலரின் பின்புறம் மூன்று எழுத்துகள். தங்கக் கடிகாரம், வைரம் பதித்த தங்க மணிக்கட்டுப் பொத்தான்கள், மூன்று கல் வைத்த வைர மோதிரம், இங்கிலீஷ் நோட்டாக 225 பவுன், அமெரிக்க நோட்டாக 2440 டாலர். இவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர். கப்பலில் வந்தவர்களுக்குள் பெருஞ்செல்வர். சில பக்கங்கள் தள்ளி 227-ஆம் எண்: முரட்டுத் துணிக் கோட்டு, சாம்பல் நிறச் சட்டை, ஒரு தொழிற்சங்க அட்டை. கொதிகலன் அறையில் கரி தள்ளி வாரிக்கொடுக்கும் வேலைக்காரர் ஜோசப் டாஸன். எழுதியவருடைய கை இரண்டு இடத்திலும் ஒரே நிதானத்தில் போகிறது. ஆஸ்டருக்கு ஓர் அடைமொழி கிடையாது. டாஸனுக்கு ஓர் எழுத்துக் குறைவு கிடையாது. சங்க அட்டையின் எண்ணைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்.

ஆனால் எழுத்தில் இருந்த சமத்துவம் செய்கையில் இருக்கவில்லை என்பதையும் அதே பேரேடுதான் காட்டிக்கொடுக்கிறது. மக்கே-பென்னட் கண்டெடுத்த பிரேதங்கள் 306. முதல் நாளில் மட்டுமே 51 அகப்பட்டன. கொண்டுபோயிருந்த சவப்பெட்டிகளும் பதப்படுத்தும் திரவமும் போதாமற்போயின. அத்தனையையும் கரைக்குக் கொண்டுவர இயலாது என்று கண்ட கேப்டன் லார்ண்டர், 116 பேரைக் கடலிலேயே அடக்கம் செய்துவிட்டு, 190 பேரோடு ஏப்ரல் 30-இல் துறைமுகம் திரும்பினார். யாரைக் கடலில் விட்டார்கள், யாரைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள்? முதல் வகுப்புப் பிரயாணிகள் சவப்பெட்டியில் வந்தார்கள். கடலில் இறக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளும் கப்பல் சிப்பந்திகளும். பெரிய சொத்துள்ளவர்களின் பிரேதம் கிடைக்காவிட்டால் சொத்துரிமையிலும் இன்ஷூரன்ஸிலும் வழக்கு வரும் என்று கேப்டன் காரணம் சொன்னார். அந்தக் காரணம் எனக்குச் சம்மதமாகவில்லை. என்றாலும், கடலில் விடப்பட்ட ஒவ்வொருவருடைய எண்ணையும் உடுப்பையும் உடைமையையும் எழுதி, பக்கத்தில் கடலில் அடக்கம் என்று குறித்து, பையை மட்டும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உடல் கிடைக்காத குடும்பத்துக்குப் பையாவது கிடைத்தது. தன்னை எழுதியவர்களின் பாரபட்சத்தையே தன் பக்கங்களில் மறைக்காமல் வைத்திருக்கும் பதிவேட்டை நான் நல்ல பதிவேடு என்பேன்.

ஹாலிபாக்ஸில் புதைக்கப்பட்ட டைட்டானிக் பிரேதங்கள் 150. அவற்றில் 121 இருப்பது நகரத்தின் வடபுறத்துப் பேர்வியூ இடுகாட்டில். பச்சைப் புல் சரிவில், வளைந்த வரிசைகளில் சிறு சிறு கற்கள் நிற்கின்றன. பெயர் தெரிந்த கல்லில் பெயர். தெரியாத கல்லில் 1912 ஏப்ரல் 15 என்ற தேதியும் ஓர் எண்ணும். அந்த எண் வேறெதுவும் அல்ல, பேரேட்டின் எண்தான்.

227-ஆம் எண் கல்லின் முன்னால் மட்டும் பூக்கள் குவிந்து கிடந்தன. 1997-இல் வந்த சினிமாவின் நாயகனுக்கும் டாஸன் என்று பெயர் வைத்திருந்ததால் நேர்ந்த விபரீதம் இது. வருகிறவர்கள் கரி வாரிய தொழிலாளியை நினைத்துப் பூ வைப்பதாகத் தெரியவில்லை; போகட்டும், எந்தக் காரணத்துக்காக வந்தாலும் பூ பூதான்.

எனக்கு அதிக நேரம் சென்றது 4-ஆம் எண் கல்லின் பக்கத்தில். பேரேட்டில் அது இரண்டு வயது மதிக்கத்தக்க, வெளிறிய பொன்னிற முடியுடைய ஆண் குழந்தை. காலரிலும் கைமுனையிலும் மென்மயிர் வைத்த சாம்பல் நிறக் கோட்டு, பழுப்பு நிறச் சட்டை, இளஞ்சிவப்புக் கம்பளி உள்ளாடை, பழுப்பு நிறக் காலணி, காலுறை. வேறு அடையாளம் எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பாக இருக்கலாம். உரிமை கோரி யாரும் வரவில்லை. மக்கே-பென்னட்டின் மாலுமிகளே தங்கள் செலவில் அடக்கம் செய்து, பெட்டியைத் தோளில் சுமந்து போய், கல்லும் நாட்டினார்கள். நினைவுப் பொருள் வேட்டைக்காரர்கள் கையில் சிக்கக் கூடாதென்று பிரேதங்களின் துணிமணிகளை எரிக்க உத்தரவானபோது, காவலிலிருந்த நார்த்தோவர் என்ற போலீஸ் சார்ஜெண்டுக்கு அந்தச் சின்னஞ்சிறு காலணிகளை மட்டும் நெருப்பில் போட மனம் வரவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

ஏறத்தாழத் தொண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு, 2001-இல், கல்லறையைத் திறந்து எஞ்சியிருந்த மூன்று பற்களையும் ஒரு சிறு எலும்புத் துண்டையும் எடுத்து டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். 2002-இல் பதின்மூன்று மாதத்துப் பின்லாந்துக் குழந்தை ஒன்றின் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆனால் சார்ஜெண்டின் வழிவந்தவர்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த அந்தக் காலணிகள் பதின்மூன்று மாதக் குழந்தையின் பாதத்துக்குப் பெரியவை. சந்தேகம் மேலும் சோதனைக்கு இட்டுச் சென்று, 2007-இல் அக்குழந்தை இங்கிலாந்திலிருந்து பெற்றோரோடும் உடன்பிறந்தவர்களோடும் புறப்பட்டு ஒருவர்கூட மீளாத குட்வின் குடும்பத்தின் கடைக்குட்டி, பத்தொன்பது மாதத்து ஸிட்னி லெஸ்லி என்று முடிவாயிற்று. காலணிகளை முன்தினமே அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருந்தேன். எரிக்கச் சொன்னதை எரிக்காமல் விட்டது உத்தரவை மீறிய காரியம். ஆனால் பழுப்பு நிறக் காலணி என்று 1912-இல் ஒருவர் எழுதி வைத்திராவிட்டால், இழுப்பறையில் கிடந்தது எந்தக் குழந்தையினுடையது என்று நிலைநாட்ட எதுவும் இருந்திராது.

இனி 1917-க்கு வருகிறேன். அந்த வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி காலையில், வெடிமருந்து ஏற்றிய மான்ட்-பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பல், இமோ என்ற நார்வே கப்பலோடு துறைமுகத்தின் குறுகிய நீர்வழியில் மோதித் தீப்பற்றி, ஒன்பது மணி கடந்த சில நிமிஷங்களில் வெடித்தது. நகரத்தின் வடபகுதி தரைமட்டமாயிற்று. ஏறத்தாழ 2000 பேர் மாண்டனர். காயமுற்றவர் சுமார் 9000. வின்ஸ் கோல்மன் என்ற ரயில்வே தந்தியாளர், தப்பி ஓடாமல் மேஜைக்குத் திரும்பி, வரும் ரயில்களை நிறுத்தச் சொல்லியும், இதுவே தம் கடைசிச் செய்தியாக இருக்கலாம் என்று சொல்லியும் தந்தி அடித்துவிட்டு மாண்டார். அவருடைய தந்திச் சாவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியுலகத்துக்கு இந்த விபத்தைப் பற்றிக் கிடைத்த முதல் குறிப்பும் அந்தத் தந்தியே எனலாம்.

மறுநாள் பனிப்புயல் அடித்தது. உடைந்த வீடுகளுக்கு அடியிலிருந்து வண்டி வண்டியாக வந்த பிரேதங்களை எங்கே கொண்டு போவது என்று தவித்த நகரம், செபுக்டோ ரோடு பள்ளிக்கூடத்தின் நிலவறையைத் தேர்ந்தெடுத்தது. பிரேத நிலையத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவர் ஆர்தர் பார்ன்ஸ்டெட். 1912-இல் முறை வகுத்துக் கொடுத்த ஜான் ஹென்றியின் புதல்வர். தகப்பனார் கடலுக்கு அனுப்பிய அதே முறையை அவர் பள்ளிக்கூட நிலவறைக்குக் கொண்டு வந்தார்: எண், கித்தான் பை, பேரேடு. அதிலும் இந்தத் தடவை உடலின் விவரத்தோடு, எந்தத் தெருவில் எந்த இடிபாட்டில் கண்டெடுக்கப்பட்டது என்பதும் முடிந்தவரை எழுதப்பட்டது. கரிந்துபோன முகத்தை அடையாளம் காண முடியாத தாயும் புருஷனும் பையிலிருந்த பொருளைக் கண்டு அடையாளம் சொன்னார்கள். ஒருவரும் கேட்டு வராத பைகள் சில அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தைத் தேடிக்கொண்டு போனபோது, உள்ளேயிருந்து பியானோ ஒலி கேட்டது. இப்போது அது இசையும் நாட்டியமும் கற்பிக்கும் கலைக்கூடம். வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிய சிறுமி ஒருத்திக்குத் தன் காலடியில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகத்தான் யுனிவர்சிட்டி அவென்யூவில் புத்தகம் இருக்கிறதே.

இன்று எந்த நாட்டில் விமானம் விழுந்தாலும் பேரலை வந்தாலும், மாண்டவரை அடையாளம் காணும் குழுவினர் செய்கிற முதல் காரியம், உடலுக்கும் உடைமைக்கும் தாளுக்கும் ஒரே எண்ணை இடுவதே. தீயணைப்புக்காரர்களும், கடலோரக் காவல் படையினரும், வெள்ளக் கட்டுப்பாட்டு அறைகளில் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சிப்பந்திகளும் வைத்திருக்கும் லாக் புத்தகங்களுக்கும் இதே நியதிதான்: நடந்த உடனே எழுது, மணியோடு எழுது, எழுதியதைக் கிழிக்காதே, பிழையானால் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் திருத்தி ஒப்பமிடு. ஹாலிபாக்ஸ் வரைக்கும் போய் வர எல்லாருக்கும் இயலாது. அதற்கு அவசியமும் இல்லை. நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் 1912-ஆம் வருஷத்துப் பதிவுகளையும், 1917-இல் மாண்டவர்களின் நினைவுப் புத்தகத்தையும் இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் பார்க்கலாம். நம் ஊர்க் கட்டுப்பாட்டு அறைகளில் இரவுப் பணியில் லாக் எழுதுகிற நண்பர்கள், ஓய்வான ஒரு வேளையில் அவற்றில் பத்துப் பக்கமாவது வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.